அம்மாவுக்குக் கதிர் வைத்த ஐந்து வாரம்

அம்மா ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கொல்லைப்பக்கக் கொடியில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. பழைய புடவையைக் கிழித்த துண்டுகள் அங்கே வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வீட்டில் இருந்ததே நாங்கள் இருவர்தான். அவை என்னுடையவை அல்ல. அம்மாவுக்கு எல்லாம் நின்று போய் ஆறேழு வருடம் ஆகியிருந்தது.

"என்னம்மா இது?"

"போனது திரும்பி வந்திருக்கு. வயசு கொறையுதோ என்னமோ," என்றாள்.

நான் அப்போது கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. அப்பா போன பிறகு நாற்று நட்டும் களை பறித்தும் என்னைப் படிக்க வைத்தவள் அம்மா. கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி பிடித்த காலத்தில், நடவுப் பெண்கள் சேற்றில் இறங்காமல் மூன்று நாள் வரப்பிலேயே உட்கார்ந்தார்கள். முதலில் உட்கார்ந்தவள் அவள்தான். பண்ணை வீட்டிலிருந்து ஆள் வந்து மிரட்டியபோது, "குந்துனது குந்துனதுதான், போய்ச் சொல்லு" என்றாளாம். போலீஸ் வேனுக்குப் பயப்படாத அந்த மனுஷியை, திருவாரூரில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு நாள் ஆட்டுக்குட்டிக்கு உடம்பு சரியில்லை. மறுநாள் அமாவாசை. அதற்கு மறுநாள் யாருக்கோ வளைகாப்பு.

கடைசியில் போனோம். திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "புள்ள பெத்தப்பகூட இவ்வளவு பெரிய லைட்டு போடலயேம்மா."

அந்த டாக்டர் எங்களைத் தஞ்சாவூருக்கு அனுப்பினார். அங்கே சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு வந்த அன்று என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்றார்கள். அம்மாவிடம் உடனே சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார் என்றும் சொன்னார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பஸ் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றது. அந்தக் கேட்டில் நிற்காத பஸ்ஸை நான் பார்த்ததில்லை. அம்மா வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னா புள்ள சொன்னாங்க?"

"புண்ணும்மா. சின்னப் புண்ணு."

"சின்னப் புண்ணுக்கா ரெண்டு தடவ டிக்கெட் எடுத்த?"

பையைப் பார்த்தேன். நாலு டிக்கெட் இருந்தது. கண்டக்டரும் கொடுத்திருக்கிறார், நானும் வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. சொன்னேன். அம்மா கையிலிருந்த பிஞ்சை முழுதாகத் தின்று முடித்தாள். ரயில் போனது, கேட் திறந்தது. வெகுதூரம் வந்த பிறகு, "சரி, அவுங்க என்னா செய்யப் போறாங்களாம், அதக் கேட்டியா?" என்றாள். நான் கேட்கவே இல்லை. "அதானே கேட்டிருக்கணும்," என்றாள்.

செய்தி பரவியதும் வீடு நிறைந்துவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம். மலையாளத்து எண்ணெய் என்றார் ஒருவர். வேப்பங்கொழுந்து உருண்டை என்றார் இன்னொருவர். அம்மாவின் தம்பி, என் மாமா, கறுப்புச் சட்டைக்காரர். ஊர்க் கூட்டத்தில் கடவுள் இல்லை என்று ஒலிபெருக்கி அதிரப் பேசுகிறவர். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வைத்தீஸ்வரன் கோயில் குளத்துல ஒரு முழுக்குப் போடச் சொல்லு," என்றார்.

"மாமா, நீங்களா சொல்றீங்க?"

"எனக்கு நம்பிக்கை கிடையாது. அந்தத் தண்ணியில ஏதோ ரசாயனம் இருக்கு. அறிவியல்படிதான் சொல்றேன்."

அம்மா எல்லோரையும் பேசவிட்டாள். கூலிப் பேச்சுவார்த்தையில் அவள் அப்படித்தான் இருப்பாளாம். எதிர்த்தரப்பு களைத்துப் போகும் வரை வாயைத் திறக்கமாட்டாள். எல்லோரும் ஓய்ந்த பிறகு ஒரே கேள்வி கேட்டாள். "இதச் சாப்புட்டுப் பொழச்ச ஆள யாராச்சும் கண்ணால பாத்திருக்கீங்களா?" எண்ணெய்க்காரர் தன் சகலைக்குத் தெரிந்த ஒருவர் பார்த்திருப்பதாகச் சொன்னார். "அப்ப நான் தஞ்சாவூருக்கே போறேன்," என்றாள் அம்மா.

அடுத்த வாரம் பெரிய டாக்டரைப் பார்த்தோம். பெரிய டாக்டர் என்றாலும் என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும் அந்தப் பெண்மணிக்கு. அறுவைச் சிகிச்சை, கரண்டு இரண்டையும் விளக்கினார். நோய் பக்கவாட்டில் கொஞ்சம் பரவியிருப்பதால் அறுத்தாலும் முழுதாக எடுக்க முடியாமல் போகலாம், கரண்டு வைப்பதுதான் நல்லது என்றார்.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்க ஊர்ல பம்புசெட்டுக்கே முழுசா கரண்டு வர்றதில்ல. பாதியில நின்னா என்னா பண்ணுவீங்க?"

"அந்தக் கரண்டு இல்லம்மா. எல்லாரும் அப்படிச் சொல்லிப் பழகிட்டாங்க. இது கதிர். உடம்புக்குள்ள கதிர் விடுறது."

"கதிரா? நாப்பது வருஷமா அறுத்துதாம்மா பழக்கம்."

டாக்டர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த கேள்விகளுக்குப் போய்விட்டாள். எத்தனை நாள்? வலிக்குமா? சோறு இறங்குமா? நடவுக்குப் போகலாமா? பேதியாகும், அசதியாக இருக்கும், கடைசியில் ஒரு கருவியை உள்ளேயே வைத்தும் கதிர் விட வேண்டியிருக்கும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். வெளியே வந்ததும், "இந்தப் பொண்ணு பொய் சொல்லல. இங்கயே பாத்துக்கலாம்," என்று அம்மா முடிவு சொன்னாள்.

நான் பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டோம். ஐந்து வாரம், ஞாயிறு தவிர தினமும் கதிர்.

இரண்டாவது வாரம், காத்திருக்கும் பெஞ்சில் ஒரு வயதான அம்மாள் வந்து உட்கார்ந்தார். பட்டுக்கரைப் புடவை. முக்காடு மூக்கு வரை இறங்கியிருந்தது. அம்மா என் விலாவில் இடித்தாள். "பண்ணை வீட்டம்மா."

எங்கள் ஊர் மிராசுதாரின் மனைவி. நடவுப் பெண்களுக்குக் கொல்லை வாசலில் நின்று, கை படாமல் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றியவர். மகன் கூட வந்திருந்தார். பண்ணை வீட்டம்மா திருக்கடையூரில் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தார்களாம். ஐந்து வாரம் நடக்கும் அறுபதாம் கல்யாணத்தை ஊர் எப்படி நம்பியதோ.

மூன்று நாள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரியே இருந்தார்கள். நாலாம் நாள் அவர்களைப் பேச வைத்தது பேதிதான். பெண்களுக்கு இருந்தது ஒரே கழிப்பறை, அதற்கும் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. பண்ணை வீட்டம்மா அவசரமாக எழுந்து போய், கதவைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். மகனைக் கூப்பிடவும் முடியாது.

அம்மா எழுந்தாள். "நீங்க போங்க. நான் நிக்கிறேன்."

போய் வாசலில் நின்றாள், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு. அந்த நேரத்தில் யார் வந்திருந்தாலும் உள்ளே போயிருக்க முடியாது. பத்து நிமிடத்தில் அம்மாவுக்கும் அவசரம் வந்தது. பண்ணை வீட்டம்மா முக்காட்டை எடுத்துவிட்டு, கதவைக் கையால் இழுத்துப் பிடித்தபடி நின்றார். வருகிறவர்களிடமெல்லாம், "உள்ள எங்க ஊர் ஆளு இருக்கு, இருங்க," என்றார்.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"நேத்து ஒனக்கு எத்தன தடவ?" என்று கேட்டார் பண்ணை வீட்டம்மா.

"ஆறு."

"எனக்கு எட்டு," என்றார். அதில் சின்னப் பெருமை தெரிந்தது.

அன்றிலிருந்து தினமும் பேச்சுதான். பேச்சு என்பதைவிடச் சண்டை என்று சொல்லலாம்.

"அந்த வருஷம் நீங்கள்லாம் வரப்புல குந்திட்டீங்க. நாத்து முத்திப் போச்சு. அவரு ஒரு வாரம் சாப்புடல."

"கேட்டதக் குடுத்திருந்தா நாத்தும் முத்தியிருக்காது, அவரும் சாப்புட்டிருப்பாரு."

"மூணாம் நாளு குடுத்தோம்ல?"

"மொத நாளே குடுத்திருக்கணும்."

அதற்குள் பெயர் கூப்பிடுவார்கள். யார் முதலில் போனாலும் மற்றவர் திரும்பி வரும் வரை இடத்தைக் காலி செய்யாமல் காத்திருப்பார். நான் சமைத்துக் கொண்டு போகும் மோர்க்கஞ்சியில் ஒரு டம்ளர் அவருக்கும் என்று ஆகிவிட்டது. அவர் குடித்துவிட்டு, உப்புப் பத்தவில்லை என்று தினமும் குறை சொன்னார். அம்மா, "டீச்சர் வேலை பாக்குற புள்ள, அப்படித்தான் செய்யும்," என்றாள்.

உள்ளே கருவி வைத்த நாளில் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி கிடந்தாள். அவளை அவ்வளவு சின்னதாக நான் பார்த்ததே இல்லை. வராந்தாவில் போய் அழுதேன். பண்ணை வீட்டம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒங்கம்மாவ வரப்புலேர்ந்து எழுப்ப எங்க வீட்டு ஆளுங்க நாலு பேரு வந்தாங்க, முடியல. இதுவா அவள சாய்ச்சுடும்?" என்றார்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் பண்ணை வீட்டம்மாவின் கார் எங்களைக் கடந்து போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. "பக்கத்துல மகன் இருக்காருல்ல, எப்படிப் பாப்பாங்க?" என்றாள் அம்மா.

மூன்று மாதம் கழித்துச் சோதனைக்குப் போனோம். பண்ணை வீட்டம்மாவும் வந்திருந்தார். அம்மாவின் உடம்பில் நோய் எதுவும் தென்படவில்லை என்றார் டாக்டர். அதன் பிறகு அவள் பல வருடம் நடவுக்குப் போனாள். அன்று பண்ணை வீட்டம்மாவுக்கு மட்டும் இன்னும் சில சோதனைகள் எழுதினார்கள். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். மகன் மருந்துக்கடைப் பக்கம் போயிருந்தார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அடுத்த பஸ்ல போவோம்," என்றாள் அம்மா. அவரிடமிருந்து சீட்டை வாங்கி என்னிடம் நீட்டினாள். "எந்த ரூம்புன்னு படிச்சுச் சொல்லு. நாம கூடப் போவோம்."