டுசல்டோர்ஃப் இல்லாமற்போன சனிக்கிழமை

டுசல்டோர்ஃபில் ட்ராம் திருத்தும் பட்டறையில் எனக்குப் பதினெட்டு வருட வேலை. பக்கத்தில் வேலை செய்கிற ஜெர்மன்காரர் அதிகம் பேசாதவர். ஒரு வியாழக்கிழமை அவர் வந்து, சனிக்கிழமை மத்தியானம் தங்கள் சங்கத்தில் ‘ஷ்லாஹ்ட்’ இருக்கிறது, ஓர் ஆள் குறைகிறது, வரமுடியுமா என்று கேட்டார். ‘ஷ்லாஹ்டன்’ என்றால் ஆடுமாடு வெட்டுவது என்று எனக்குத் தெரியும். இறைச்சி வெட்டிப் பங்கு போடப் போகிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி, “பண்டியோ ஆடோ எண்டு கேட்டனீங்களோ?” என்றாள்.

“கேக்கேல்லை.”

“ஆடெண்டால் ஈரலையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாங்கோ.” ஐஸ்பெட்டியைக் கழுவித் துடைத்துத் தந்தாள்.

சங்கம் ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில் இருந்தது. உள்ளே இறைச்சியும் இல்லை, கத்தியும் இல்லை. நாலு மேசைகளைச் சேர்த்துப் பச்சைத் துணி விரித்து, நீலக் கடதாசியில் றைன் நதியை வெட்டி ஒட்டி, அதன் கரையில் விரலளவு தகரப் போர்வீரர் பொம்மைகளை நூற்றுக்கணக்கில் நிறுத்தியிருந்தார்கள். ஷ்லாஹ்ட் என்றால் போர் என்பது அப்போதுதான் உறைத்தது. ஐஸ்பெட்டியைக் கண்டவர்கள் குடிக்க ஏதோ கொண்டுவந்திருக்கிறேன் என்று எண்ணி நன்றி சொன்னார்கள். அதைக் கதிரைக்கடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் வொறிங்கன் என்ற இடத்தில் நடந்த சண்டை அது. இன்றைக்கு வொறிங்கன் கொலோன் நகரத்தின் வடக்கு அந்தம். நான் அடிக்கடி ரயிலில் கடந்துபோகிற இடம். ஒரு பக்கம் கொலோனின் பேராயர். மறுபக்கம் பிரபான்ட் கோமகன், பேர்க் பிரபு, பேராயரின் பிடியிலிருந்து விடுபட விரும்பிய கொலோன் நகரத்தவர்கள். உண்மையில் பேராயர் தோற்றுச் சிறைப்பட்டார். வென்ற பேர்க் பிரபு, டுசல் ஆறு றைனில் விழுகிற இடத்தில் இருந்த ஒரு கிராமத்துக்கு நகர உரிமை கொடுத்தார். என் இரண்டு பிள்ளைகளும் அந்தக் கிராமத்தில்தான் பிறந்தார்கள்.

என்னிடம் தந்தது பேர்க் பிரபுவின் விவசாயிகளை. கையில் பொல்லுகளோடு பிந்தி வந்தவர்கள். கவசத்துக்குள் இருப்பவர் எதிரியா தங்களவரா என்று தெரியாமல், கண்ணில் பட்டவர்களையெல்லாம் அடித்தார்களாம். தாயக்கட்டை ஒற்றை விழுந்தால் எதிரியை அடிப்பார்கள், இரட்டை விழுந்தால் குழம்பிவிடுவார்கள் என்று என்னை அழைத்த பட்டறை நண்பர் அவசரமாக விதியைச் சொன்னார். குழம்பினால் பக்கத்தில் நிற்பவனை அடிப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

இரட்டையாகவே விழுந்தது. கோமகனின் குதிரைவீரர்கள் என் கையாலேயே வரிசையாகச் சரிந்தார்கள். நண்பர் மேசையின் மற்ற அந்தத்தில் மும்முரமாக இருந்ததால் கவனிக்கவில்லை. நாலு மணிக்குப் பேராயர் வென்றுவிட்டார்.

பிறகு கொலோனிலிருந்து வந்திருந்த வயதான பெண், தன் நகரம் இனிப் பேராயரின் உடைமை என்றார். டுசல்டோர்ஃப் மீன்பிடிக் கிராமமாகவே கிடக்கும் என்றார் நண்பர். பிரபான்டின் கை தளர்ந்தால் பெல்ஜியம், ஒல்லாந்தின் எல்லைகளே வேறு இடத்தில் இருந்திருக்கும் என்றார் இன்னொருவர். ஒரு பின்னேரச் சண்டையால் ஐரோப்பா திரும்பாது, வியாபாரம் போகிற வழியில்தான் எல்லாம் போகும் என்று மற்றவர்கள் அவரை மறுத்தார்கள். யார் பேசினாலும் அவர் சொல்வதே சரியென்று எனக்குப் பட்டது. இந்த நகரம் இல்லையென்றால் அகதியாக வந்த எனக்கு முதல் டெர்மின், அதாவது விசாரணைத் தவணை, எந்தக் கந்தோரில் நடந்திருக்கும்? இங்கே தன் சித்தி வீட்டுக்கு வந்த மனைவியை எங்கே சந்தித்திருப்பேன்? யோசித்துக்கொண்டே போனதில் எங்கே தொடங்கினேன் என்பதே மறந்துபோனது.

அந்தப் பெண் மெதுவாக என்னிடம் கேட்டார்: “நீங்கள் யாருடைய பக்கம் என்று நினைத்து அடித்தீர்கள்?”

அகதி விசாரணையிலும் இப்படித்தான் கேட்டார்கள். நாங்கள் ஊரைவிட்டு ஓடிய அன்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஷெல் விழுந்தது. எங்கள் வீட்டில் விழுந்ததை அடித்தது யார் என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்றேன். மொழிபெயர்க்க வந்தவர் யாழ்ப்பாணத்து ஆள். “தம்பி, தெரியாதெண்டு சொல்லாதேங்கோ. ஒரு பக்கத்தைச் சொல்லுங்கோ,” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். திரும்பவும் தெரியாது என்றுதான் சொன்னேன். முதல் தடவை மறுத்து, நாலு வருடம் கழித்து ஏற்றுக்கொண்டார்கள். இரண்டுக்கும் காரணம் எனக்கு விளங்கியதில்லை.

அந்தப் பெண்ணிடமும் தெரியவில்லை என்றேன். என் ஜெர்மன் போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டுப் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

திங்கட்கிழமை நண்பர் சிரித்துக்கொண்டு வந்தார். விதியை நான் தவறாக விளங்கியிருக்கிறேனாம். குழம்பினால் அந்த முறை விவசாயிகள் சும்மா நிற்கவேண்டுமாம். கணக்கைத் திரும்பப் பார்த்ததில் பேராயர் தோற்றுவிட்டார், டுசல்டோர்ஃப் பிழைத்துக்கொண்டது என்றார்.

மனம் லேசானது. ஏன் லேசாகவேண்டும் என்று உடனே சந்தேகமும் வந்தது. அவர்கள் எல்லோரையும் அடித்தார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். உண்மையில் அடித்தார்கள்தான், ஆனால் விளையாட்டில் நிற்பார்கள் என்றார். கையில் பொல்லோடு, அந்தச் சண்டைக்கு நடுவில், ஒருவன் எப்படிச் சும்மா நிற்பான் என்று கேட்க நினைத்தேன். அதற்கான ஜெர்மன் வசனம் வாயில் கூடிவரவில்லை.

அடுத்த மாதமும் வருவீர்களா என்று கேட்டார். “ஓம்,” என்று தலையாட்டித் தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு அது விளங்கியது.