இரண்டாவது கையெழுத்து

காலை ஐந்தே முக்காலுக்கு மண்ணூர் நிறுத்தத்தில் கம்பெனி பஸ் ஏறியதும், சசிரேகா டிரைவருக்குப் பின் சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட சிவப்பு அட்டைக் கட்டை எடுக்கிறாள். ஒரகடம் போய்ச் சேருவதற்குள் ஐந்து ஆங்கில வார்த்தையாவது தேற வேண்டும்.

பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவள் இன்ஸ்பெக்டர். பதினோரு வருடமாக, விளக்குக்கு அடியில் பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் சிவப்பு அட்டை, இல்லாவிட்டால் பச்சை அட்டை. கூடவே தபாலில் பி.ஏ. ஆங்கிலம். எல்லாப் பேப்பரும் முடிந்தாயிற்று, நாடகத்தைத் தவிர. நானூறு வருடத்துப் பழைய சோக நாடகம் அது. ராஜா, சூழ்ச்சி, கடைசியில் மேடை நிறையப் பிணம். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் போயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவை. அதோடு பதிவுக் காலமும் முடிகிறது. இதிலும் கோட்டை விட்டால் ஆறு வருடப் படிப்பும் வீண்.

"முப்பத்தாறு வயசுல இன்னாத்துக்கும்மா இது?" என்று யாராவது கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான். "பாதியில வுட்டா எனக்கு சோறு எறங்காது."

முதல் இரண்டு தடவையும் அகராதி அர்த்தத்தை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு போனாள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டதும் கை நின்றுவிட்டது. அதன் பிறகுதான் கம்பெனிச் சட்டத்தைப் படிப்புக்குக் கொண்டுவந்தாள். ஒதுக்கிய பாகத்தை ஒதுக்கியவரே பாஸ் செய்யக் கூடாது, இரண்டாவது ஆள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வார்த்தைக்கும் அதே கதிதான். ஸ்டோரில் கழித்துப் போட்ட அட்டைகளில், தெரியாத வார்த்தை சிவப்பில் ஏறும். அதை நம்மூர்ப் பேச்சில் இன்னொருவருக்கு விளக்கி, அவர் திருப்திப்பட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் பச்சை. தனக்குத் தெரியும் என்று தானே முடிவு செய்யாத இந்த நேர்மை, பட்டம் வாங்கியவர்களிலேயே எத்தனை பேருக்கு உண்டு?

வேலையில் பக்கத்து மேசையும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுமாக இருந்த ஷெர்லின்தான் நூற்று நாற்பது வார்த்தைக்குக் கையெழுத்துப் போட்டவள். லேசில் மசிய மாட்டாள். "புரியலக்கா. மறுபடி சொல்லு" என்பாள், முகத்தைப் பாறையாக வைத்துக்கொண்டு.

இரண்டு மாதம் முன்பு ஷெர்லினை மதிய ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். அட்டையில் கையெழுத்துப் போடும் பதவி டிரைவர் கோதண்டத்துக்கு வந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது ஒரு தகுதியாகவே போயிற்று.

"ஆம்பிஷன்னா, சூப்பர்வைசர் சீட்டையே பாத்துக்கினு வேல செய்றான் பாரு, அவன் மனசுல கீறதுண்ணா."

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று, சிக்னலில் வண்டி நின்றபோது ஸ்டியரிங் மேலேயே அட்டையை வைத்து, 'கோ' என்று சுழித்தார். அன்றிலிருந்து ஓ.டி.க்கு முதல் ஆளாகக் கை தூக்கும் வசந்தகுமாருக்குப் பஸ்ஸில் ஆம்பிஷன் என்றே பெயர்.

ஒரே ஓர் அட்டை மட்டும் சிவப்பிலேயே நின்றது. ரிமோர்ஸ்.

"வருத்தம்ணா."

"டயர் பஞ்சரானா எனக்கும்தான் வருத்தம். வேற சொல்லு."

"குற்ற உணர்ச்சி."

"அது புக்கு பேச்சு. இன்னான்னு சொல்லு."

மூன்று நாள் திருப்பி அனுப்பினார். நான்காவது நாள் வெள்ளிக்கிழமை. ஒரகடம் மேம்பாலத்துக்கு முன்னால் கண்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே நின்று, பஸ் நகரவில்லை. சசிரேகா பக்கத்துக் காலி சீட்டைப் பார்த்தாள்.

"ஷெர்லின் மேசைல கீறலோட போச்சுன்னு ஒரு டிரே புடிச்சாங்களே. அது என் டிரேண்ணா, அவ மேசைல கலந்துபோச்சு. கைல பீஸு, வாயில வார்த்த. நான் பாக்கவேயில்ல. அவள நிக்க வெச்சுத் திட்னாங்க. நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன், வாயத் தொறக்கல. அதனாலதான் மூணு வயசுப் புள்ளய வூட்ல வுட்டுட்டு இப்ப அவ ரெண்டாவது ஷிஃப்டு வர்றா. இந்த சீட்டப் பாக்கறப்பல்லாம் உள்ள ஒண்ணு கடிச்சுக்கினே கீது. அதாண்ணா."

கோதண்டம் பேனாவுக்குக் கை நீட்டினார்.

"நீ போடாதண்ணா" என்று அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஷிஃப்டு தொடங்குமுன் சூப்பர்வைசர் ஸ்ரீதரிடம் போய் அதையே சொன்னாள். அவர் எழுதித் தரச் சொன்னார். நடவடிக்கை வரும் என்று தெரிந்தும், மேசை எண், தேதி எதையும் விடாமல் எழுதிக் கொடுத்தாள்.

மதியம் இரண்டரைக்கு ஷிஃப்டு மாறும் நேரம். வெளியே போகிறவர்களும் உள்ளே வருகிறவர்களும் கேட்டில் இடித்துக்கொள்ள, வந்துகொண்டிருந்த ஷெர்லினை ஓரமாக நிறுத்தினாள். டிரே, திட்டு, தன் மௌனம், காலையில் எழுதிக் கொடுத்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சிவப்பு அட்டையையும் பேனாவையும் நீட்டினாள்.

ஷெர்லின் அட்டையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"புரியலக்கா. மறுபடி சொல்லு."

உள்ளே சைரன் ஊதியது. நீட்டிய கையை மடக்காமல், சசிரேகா முதலிலிருந்து ஆரம்பித்தாள்.