உக்கிராணத்து அத்தை

இல்லை, அது ஊர்ப் பெயர் அல்ல. 'உக்கிராணத்து அத்தை போயிட்டாங்க' என்று அண்ணன் அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டுக் கேட்ட விடுதித் தோழியிடம், துணிகளைப் பையில் திணித்தபடி அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மீதிப் பதில் சீவலப்பேரி பஸ்ஸில்தான் வந்தது.

கல்யாண வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய், காய்கறி எல்லாவற்றையும் சேர்த்துவைக்கும் அறை உக்கிராணம். அங்கிருந்து அளந்து கொடுக்கும் பொறுப்புக்கும் அதே பெயர். "இந்தக் கல்யாணத்துக்கு உக்கிராணம் யாரு?" என்பார்கள். "உப்பு பத்தலையா? உக்கிராணத்துல கேளு" என்பார்கள். உக்கிராணம் பூட்டியாயிற்று என்றால் விருந்து முடிந்தது. வீட்டு அரிசிப் பானையை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அந்தச் சொல்லுக்கு ஊர் கூடிச் சாப்பிட வேண்டும்.

ஒரு வழக்கம் உண்டு. சாவியைக் கொடுத்த பிறகு கல்யாண வீட்டுக்காரர் அந்த அறைக்குள் போகக் கூடாது. குறைந்தாலும் மிஞ்சினாலும் உக்கிராணம் பார்ப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆவுடை அத்தை என் அப்பாவின் அக்கா. மாமா இறந்தபோது அவர்களுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மணமேடைப் பக்கம் வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் அழைக்கவில்லை. ஒரு கல்யாணத்தில் பின்பக்க அறையில் போய் உட்கார்ந்தார்கள். அதன் பிறகு எங்கள் தெருக் கல்யாணங்களுக்கெல்லாம் அவர்களே உக்கிராணம்.

கவிழ்த்த எண்ணெய் டின் மேல் உட்கார்ந்திருப்பார்கள். சமையல்காரரான தவசுப்பிள்ளை வந்து நிற்பார்.

"யக்கா, இன்னும் ரெண்டு படி பருப்பு போடுங்க."

"எதுக்கு அண்ணாச்சி? உங்க சாம்பார்ல கரண்டி நட்டமா நிக்கவா?"

சிரித்துக்கொண்டே ஒரு படி போடுவார்கள். அது சரியாக இருக்கும். கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் அவர்கள் சாப்பாடு.

என் அக்காவின் கல்யாணம். எனக்குப் பதினான்கு வயது. சாவியை வாங்கும்போது அத்தை அப்பாவிடம் மூன்று முறை கேட்டார்கள். "எத்தனை எலைலே? நல்லா யோசிச்சுச் சொல்லு." அப்பா முந்நூறு என்றார். இரண்டு நாள் கழித்து அப்பாவுக்கு மனம் கேட்கவில்லை. இன்னும் இரண்டு தெருவுக்குப் பத்திரிகை வைத்தார். வண்டியின் பின்னால் பத்திரிகைப் பையோடு நான்.

"அத்தைட்ட சொல்லணும்லாப்பா?"

"சொல்லுவோம். இப்பவே ஏசுதா."

சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றாம் பந்தியில் சாம்பார் தீர்ந்தது. துவரம்பருப்பும் இல்லை. வெளியே நூறு பேருக்கு மேல் நின்றார்கள். உக்கிராணத்தில் மிச்சமிருந்தவை மறுநாளுக்கு உரியவை: அரிசி, பாசிப்பருப்பு, தேங்காய், இஞ்சி, காய்கறி. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேங்காய்ப்பால் சொதி வைப்பது மரியாதை. அதற்கு முன்னால் அது இலையில் விழக் கூடாது.

அத்தை தேங்காய் மூட்டையை அவிழ்த்தார்கள்.

"தேங்காய ஒடைங்க, அண்ணாச்சி."

"யக்கா, அது மறுவீட்டுக்குள்ளது. சம்மந்தக்காரங்க சும்மா விடுவாங்களா?"

"இவங்களுக்கு இன்னைக்குல்லா பசிக்குது."

யாரும் பசியோடு திரும்பவில்லை. ஆனால் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா உக்கிராண வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, இன்னைக்கே சொதிய ஊத்திட்டிய. நாளைக்கு எங்களுக்கு என்ன, பழைய சோறா? பொண்ணு வீட்டுக்காரருக்கு எத்தனை பேரக் கூப்பிட்டோம்னுகூடத் தெரியாதா?"

அவருக்குப் பின்னால் அப்பா. அப்பாவுக்குப் பின்னால் நான். அத்தை அப்பாவை ஒரு முறை பார்த்தார்கள்.

"அவன் சரியாத்தான் சொன்னான். நாந்தான் அளவு தப்பிட்டேன். ஏசணும்னா என்னைய ஏசுங்க."

அவர் ஏசினார். அப்பா தரையைப் பார்த்தார்.

முந்தின நாளே இலையில் விழுந்த சொதி மறுவீட்டுக்கு ஆகாது என்று, பருப்பு வாங்கிச் சாம்பார் வைத்தோம். சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அக்கா வாழ்க்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன் பிறகு அத்தைக்கு எல்லா வீட்டிலிருந்தும் பத்திரிகை வந்தது, சாவி வரவில்லை. கல்யாணங்களுக்குப் போவார்கள். முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

கல்லூரியில் சேர்ந்த வருடம் கேட்டேன். "நடந்தத எல்லார்ட்டயும் சொல்லிரட்டுமா அத்தை?"

"போடி. உங்கப்பன் மொகம் அன்னைக்குப் போன போக்க நான்ல பாத்தேன். அடுத்து நீ இருக்க. உன் கல்யாணத்துக்கு நாலு பேரு நம்பி வரணும்லா."

நான் அதற்குச் சம்மதிக்காமல் இருந்திருக்கலாம். சௌகரியமாக இருந்தது, சம்மதித்தேன்.

போன வாரம் அத்தையைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோது, பின்னால் ஒரு குரல்: "மறுவீட்டுச் சொதிய முந்தியே ஊத்துன அத்தைதான?" முப்பது வருடம் அளந்து கொடுத்த ஒருவரைப் பற்றி ஊருக்கு நினைவிருப்பது இது. அப்பாவுக்கும் அது கேட்டது.

ஆகவே, அவர்களை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் எழுதுகிறேன். ஆவுடை அத்தை ஒரு நாளும் அளவு தப்பியதில்லை. ஆட்களைக் கூட்டியது நாங்கள். மறைத்ததும் நாங்கள். போய் வாருங்கள், அத்தை. நீங்கள் போடச் சொன்ன இலையில் சாப்பிடாமல் யாரும் எழுந்து போனதில்லை.

எழுதியதை அப்பாவிடம் காட்டினேன். முதலில் 'அப்பா சொல்ல மறந்துவிட்டார்' என்றுதான் எழுதியிருந்தேன். அப்பா பேனா கேட்டார். 'சொல்ல மறந்துவிட்டார்' என்பதை அடித்து, 'சொல்லவில்லை' என்று மாற்றினார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் விக்கிரமசிங்கபுரத்துப் பெரியப்பாவின் எண்ணை அழைத்து, போனை அப்பாவிடம் கொடுத்தேன்.