மோட்டாருக்கு அடியில் ஒரு குண்டு பல்பு

அந்தச் சலவைத் தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மோட்டாருக்குள் ஓடும் கம்பியின் காப்பு உறை கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் மீட்டருக்கு மெக்கர் என்று பெயர். அதுவே மனிதருக்கும் ஒட்டிக்கொண்டது. மாதாமாதம் அவர் வந்து ஒவ்வொரு மோட்டாரிலும் மீட்டரை மாட்டிப் பார்ப்பார். முள் இறங்கினால் மின்சாரம் கசிகிறது என்று மிஷினை நிறுத்திவிடுவார். நன்றாக ஓடுகிற மிஷினை நோயாளி ஆக்குகிற ஆள் என்று முணுமுணுப்பார்கள். என்ன செய்வது, ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்கிறவனுக்கு எந்த ஊரில் மாலை போடுகிறார்கள்?

வீட்டிலும் நிம்மதி இல்லை. அவர் மனைவிக்கு அங்கேதான் வேலை, ஓரத்துப் பெரிய வாஷிங் மிஷினில்.

"உங்களால எனக்குத்தான் பேச்சு. சாப்பிடற நேரத்துல ஒருத்தியும் பக்கத்துல உக்கார மாட்டேங்கறா."

சில மாதங்களாக அந்தத் தலைவலி குறைந்திருந்தது. எல்லா மோட்டாரும் தேறின. மனிதர் கொஞ்சம் நிமிர்ந்துகூட நடந்தார்.

ஒரு நாள் வேறோர் இடத்து வேலை தள்ளிப்போக, சொல்லாமல் கொள்ளாமல் சலவைத் தொழிற்சாலையில் வந்து நின்றார். மெயினை அணைத்துவிட்டு ஓரத்து மோட்டாரில் மீட்டரை மாட்டினார். முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. மீட்டரைத் தட்டினார். ஒயரை மாற்றினார். தன் கண்ணையே சந்தேகித்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். சனியன், அசையவில்லை. போன மாதம் அமோகமாகத் தேறிய மோட்டார்!

குனிந்து பார்த்தார். மோட்டாருக்கு அடியில், ஒயரோடு ஒரு குண்டு பல்பு. விஷயம் புரிந்துவிட்டது. முந்தின நாளே பல்பைப் போட்டுச் சூடேற்றினால் ஈரம் காய்ந்து முள் ஏறும். சோதனை முடிந்ததும் மோட்டார் பழையபடி ஈரத்தில் ஊறும்.

"யார் பார்த்த வேலை இது?" என்று கத்தினார். எல்லோரும் அவர் மனைவியைப் பார்த்தார்கள்.

"நான்தாங்க. நாளைக்கு வரேன்னு நீங்கதானே வீட்டுல சொல்வீங்க? உடனே போட்டு விடுவேன். மிஷின் நிக்காது, உங்களையும் யாரும் திட்ட மாட்டாங்கன்னுதான்..."

அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"டாக்டர் வர்றதுக்குள்ள நெத்தியில ஐஸ் வெச்சு ஜுரத்தை மறைப்பாங்களா? புத்தி இருக்கா உனக்கு?"

கத்திக்கொண்டே கீழே பார்த்தார். சோப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். ஈரக் கை அந்த மிஷினின் இரும்பு மூடியில் இருந்தது. தினமும் அப்படித்தான் நிற்கிறாள். இத்தனை மாதமும் மோட்டார் சரி என்று கையெழுத்துப் போட்டவர் அவரேதான்.

அந்த மிஷினின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப எல்லாரும் உங்களைத்தான் திட்டப் போறாங்க," என்றாள் அவள், அழாத குறையாக.

"திட்டட்டும். வீட்டுக்கு வந்து நீயும் திட்டு. திட்டறதுக்கு நீ இருக்கணும்."