காலியிடம்

இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் இன்றும் பேச்சை மாற்றிவிடுவார். அன்று கார் பார்க்கிங்கில் குழந்தையோடு காத்திருந்தவர் அவர். நான் எந்த முகத்தோடு வெளியே வந்தேன் என்பதைப் பார்த்தவரும் அவர்தான். அதனால் நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்தது நடந்ததுதான்.

நான் ரேடியாலஜிஸ்ட். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து என்ன நோய் என்று சொல்லும் டாக்டர். அப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு நிரந்தர நைட் டியூட்டி. என் மகளுக்கு மூன்று வயது. அம்மா எங்கே என்று யாராவது கேட்டால் செல்போனைக் காட்டுவாள். அந்த லட்சணத்தில் ஓடிக்கொண்டிருந்தது குடும்பம்.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. முன்னாள் படைவீரர்களுக்கான பெரிய மருத்துவமனை. ரேடியாலஜிஸ்ட் தேவை. பகல் வேலை மட்டும். விண்ணப்பித்த மறுநாளே போன் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்டர்வியூவுக்குப் போனது பட்டப்பகலில். ஹெச்.ஆர். மேடம் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். அன்பான பேச்சு, ஆனால் நின்று பேசவில்லை. படிப்பைப் பற்றி இரண்டு கேள்வி, அவ்வளவுதான். உடனே லிஃப்டில் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனார்.

"இதுதான் படம் பாக்குற ரூம். சும்மா ஒரு ட்ரையல் மாதிரி, கொஞ்சம் பாத்துட்டு இருங்க டாக்டர். பெரிய டாக்டர் இப்ப வந்துடுவார்."

அவர் உள்ளே வரவில்லை. கதவை வெளியிலிருந்தே சாத்திவிட்டுப் போனார்.

படம் பார்க்கும் அறை எந்த ஊரிலும் இருட்டாகத்தான் இருக்கும். ஜன்னல் கிடையாது. திரை வெளிச்சம் மட்டும். எனக்கு அது பழக்கம். ஆனால் இங்கே மேஜை மேல் தூசி. கீபோர்டில் தூசி. மவுஸ் மட்டும் பளபளவென்று இருந்தது. பல கைகள் பட்ட மாதிரி.

திரையில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே திறந்தே இருந்தது. தோள்பட்டை எலும்புக்குக் கீழே வெள்ளைப் புள்ளிகள். குண்டுச் சிதறல். பழைய காயம். வலது நுரையீரலின் உச்சியில் ஒரு நிழல்... அதுதான் உறுத்தியது.

லொக்... லொக்...

கதவுக்கு வெளியே இருமல்.

"டாக்டர்... என் படம் பாத்தாச்சா?"

வயதானவர் குரல். பாவமாக இருந்தது. "ஐயா, நான் இங்க வேலை பாக்கல. இன்டர்வியூவுக்கு வந்திருக்கேன்" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, டாக்டரம்மா."

எனக்குச் சுருக்கென்றது. நேரில் பேசிவிடலாம் என்று எழுந்தேன். கைப்பிடி திரும்பியது. கதவு அசையவில்லை. தோளால் தள்ளினேன். ம்ஹும். செல்போனில் சிக்னல் இல்லை.

குனிந்து பார்த்தேன். கதவுக்கு அடியில் வராந்தா வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. முழுக் கோடு. எங்கும் நிழல் விழவில்லை.

குரலோ கதவை ஒட்டியே வந்தது.

"பாத்தாச்சா, டாக்டரம்மா?"

மேஜையில் ஒரு டெலிபோன் இருந்தது. அதில் ஒட்டியிருந்த வரவேற்பு எண்ணை அழுத்தினேன். எடுத்தது ஹெச்.ஆர். மேடம்.

"மேடம், கதவு திறக்கல."

"வெளியில யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தர் இருக்கார்... படம் கேக்குறார்..."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பாத்துச் சொல்லிடுங்க, டாக்டர்."

லைன் கட்டானது. மறுபடி அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் உட்கார்ந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு கதவைப் பார்த்துச் சொன்னேன்.

"ஐயா... வலது பக்க நுரையீரல்ல ஒரு கட்டி மாதிரி தெரியுது. சீக்கிரம் வைத்தியம் பாக்கணும்."

"அப்ப அது வெறும் சளி இல்ல" என்றார். கோபமே இல்லை. "நானும் நெனச்சேன். தெரிஞ்சா போதும்மா. நான் கெளம்புறேன்."

இருமல் நின்றது. அப்பாடா என்று கைப்பிடியைப் பிடித்தேன்.

"அடுத்து என்னோடது, டாக்டர்."

வேறு குரல்.

திரும்பிப் பார்த்தேன். திரையில் வேறு படம். இடுப்பெலும்பு.

நான் மவுஸைத் தொடவே இல்லை.

அதையும் பார்த்துச் சொன்னேன். அடுத்து ஒரு முதுகெலும்பு. அதையும் சொன்னேன். ஒவ்வொன்று முடியும்போதும் வெளியே இருமல் கூடியது. ஒன்றல்ல... பத்தல்ல... ஒரு கூட்டம்.

டக்... டக்...

ஊன்றுகோல்கள்.

யாரும் கதவைத் தட்டவில்லை. சாய்ந்தார்கள். கதவுப் பலகை உள்பக்கம் வளைந்தது... முனகியது...

திரையில் அடுத்த படம்.

மூளை ஸ்கேன்.

என்னால் முடியவில்லை.

"என் பொண்ணு மேல காத்துட்டிருக்கா... என்னை விட்டுடுங்க..."

எல்லா இருமலும் ஒரே நேரத்தில் நின்றது.

பிறகு ஒரு குரல். மெதுவாக.

"விடுங்கப்பா. குழந்தை காத்திருக்காம். அடுத்த டாக்டர் வருவாங்க."

கதவு தானாகத் திறந்தது.

வராந்தா காலி. ஒரு பெஞ்சுகூட இல்லை. தூரத்தில், லிஃப்ட் பக்கத்தில், ஹெச்.ஆர். மேடம் நின்றிருந்தார். ஓரடிகூடக் கிட்டே வரவில்லை.

"எத்தனை பேருக்குப் பாத்தீங்க?"

"மூணு..."

தலையசைத்தார். "ரொம்ப நன்றி டாக்டர். தகவல் சொல்லி அனுப்புறோம்."

தகவல் எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். நைட் டியூட்டியே தேவலை என்று மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். சில மாதங்களில் வேறு இடத்தில் பகல் வேலை கிடைத்தது. அந்த விளம்பரம் மட்டும் அடிக்கடி கண்ணில் படும். பார்க்காத மாதிரி கடந்துவிடுவேன்.

ஒரு வருடம் கழித்து டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் அதே மருத்துவமனையின் ரேடியாலஜிஸ்ட். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்க இடத்துல இன்னும் ஆள் கிடைக்கலையா? விளம்பரம் வந்துட்டே இருக்கே?"

அவர் கை சாப்பாட்டுத் தட்டிலேயே நின்றது.

"காலியிடமா? எங்க ஆஸ்பத்திரியிலயா? நாங்க ஏழு பேர் இருக்கோம். எல்லாரும் மூணாவது மாடியில. கடைசி இடம் நிரம்பியே நாலு வருஷம் ஆச்சு."

"அப்போ அந்த விளம்பரம்? இன்டர்வியூ?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு என் பக்கமாகக் குனிந்தார்.

"நீங்க கீழ போனீங்களா? அங்க இன்னும் எத்தனை பேர் காத்துட்டிருக்காங்க?"