பாட்டு வந்தால் கதவைப் பார்

அந்தத் திரையரங்கில் கேன்டீன் நடத்துகிறவளை எல்லோரும் இடைவேளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படத்தைப் பற்றி ஊர் ஆயிரம் பேசட்டும், மேனேஜர் காதுகொடுப்பது அவள் பேச்சுக்குத்தான். இத்தனைக்கும் அக்கா ஒரு படத்தையும் உட்கார்ந்து பார்த்தவள் இல்லை. இரண்டாம் பாதியில் பாட்டு வரும்போது எத்தனை பேர் கதவைத் திறந்துகொண்டு கடைக்கு வருகிறார்கள் என்று எண்ணுவாள், அவ்வளவுதான். அறுவைப் படம் என்றால் கூட்டம் மொய்க்கும். நல்ல படம் என்றால் கடை ஈயடிக்கும். "பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம் சார்" என்பாள். கர்வம்தான். சொன்னதெல்லாம் பலித்தால் யாருக்குத்தான் வராது?

அன்றைக்கு வெளியானது அவளுடைய தம்பி இயக்கிய முதல் படம். உருப்படமாட்டான் என்று வீடே கைகழுவியபோது அவனுக்குச் சோறு போட்டவள் இந்த அக்காதான். மதியக் காட்சியில் இரண்டாம் பாதிப் பாட்டு தொடங்கியது. கதவு திறந்தது. திறந்தது திறந்தபடியே இருக்க, திமுதிமுவென்று ஆட்கள் வந்தார்கள்.

காட்சி முடிந்ததும் மேனேஜர் வந்தார். "என்னக்கா, தேறுமா?"

பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "தேறாது சார்."

"அப்ப நாளைக்கே வேற படம் மாத்திடறேன்."

தூணோரம் நின்ற தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மனசு கேட்காமல் கடையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். பாப்கார்ன் அப்படியே இருந்தது. தண்ணீர் பாட்டில்தான் ஒன்றுகூட மிச்சமில்லை. சலித்துப்போய் வருகிறவன் காபியை ஊதி ஊதிக் குடிப்பான், போனை நோண்டுவான். இவர்கள் தண்ணீரை வாங்கியதும் மீதிச் சில்லறைக்குக்கூட நிற்காமல் உள்ளே ஓடினார்களே! போய்க் கதவைத் திறந்தாள். அரங்குக்குள் அனல் அடித்தது, ஏசி பாதிப் படத்திலேயே நின்றிருந்தது. 'சோத்தைப் பதம் பாத்தியே, அடுப்பைப் பாத்தியாடி மண்டு' என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஓடிப்போய்ச் சொன்னதும் மேனேஜர் சிரித்தார். "தம்பின்னதும் கணக்கு மாறுதாக்கா?"

"கணக்கு சரிதான் சார், நான் எண்ணினதுதான் தப்பு. எத்தனை பேர் வந்தாங்கன்னு பாத்தேன், எவ்வளவு சீக்கிரம் திரும்பிப் போனாங்கன்னு பாக்கல. ஏசியைச் சரிபண்ணி சாயங்கால ஷோ ஓட்டுங்க. அந்தப் பாட்டுக்குக் கூட்டம் வெளிய வந்தா போஸ்டரை நானே கிழிக்கறேன்."

சாயங்காலம் ஏசி ஓடியது. ஆட்களும் மதியத்துக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். பாட்டு தொடங்கியதும் மேனேஜர், தம்பி, அக்கா மூவரும் கடையருகே நின்று கதவையே பார்த்தார்கள். கதவு திறந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அழுகிற கைக்குழந்தையோடு ஒருத்தர் வந்தார். உடம்பு வெளியே குழந்தையை ஆட்டிக்கொண்டிருக்க, தலையை மட்டும் கதவிடுக்கில் நுழைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் வரவில்லை. பாட்டே முடிந்துவிட்டது.

"நாளைக்கும் இதே படம்தான்" என்று மேனேஜர் தம்பியின் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆறிப்போன பாப்கார்னில் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு, கடை விளக்கை அணைத்தாள். "வாடா, படத்தைப் பாக்கலாம்."

"கடையை யாருக்கா பாத்துப்பாங்க?"

"கடைக்கு எவன்டா வரப்போறான்?"