வலை இழுக்கும் இடத்தில் கிடக்கும் பார்ஜ்

புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் அந்த பார்ஜ் எங்கள் ஊருக்கு நேரே தரைதட்டிக் கிடந்தது. பார்ஜ் என்றால் என்ஜின் இல்லாத தட்டையான கப்பல். வேறொரு கப்பல் கயிறு கட்டி இழுத்துப் போகும். கயிறு அறுந்துவிட்டதாம். இழுத்துப்போன கப்பல் துறைமுகம் சேர்ந்துவிட்டது, இது மட்டும் எங்களிடம் வந்துவிட்டது. பாகூர் பக்கமிருந்து கரும்பு வெட்டுகிறவர்கள்கூட டிராக்டரில் வந்து, அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

எங்களுக்கு அது கிடந்த இடம்தான் கவலை. நாங்கள் கரைவலைக்காரர்கள். வலையைப் படகில் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் கரையில் நின்று கயிற்றை இழுப்போம். அதற்கு அடியில் கல்லும் முள்ளும் இல்லாத மணல் வேண்டும். எங்கள் ஊருக்கு அப்படி ஓர் இடம்தான் இருக்கிறது. வடக்கே முகத்துவாரம், தெற்கே அடுத்த ஊர்க்காரர்களின் இடம். பார்ஜ் எங்கள் இடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. நானும் என் மச்சானும் பங்குக்கு வைத்திருந்த வலையை முதல் தடவை போட்டபோதே இரும்பில் மாட்டிக் கிழிந்தது. தைத்துப் போட்டோம். மறுபடியும் கிழிந்தது.

ஊரில் சிலர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த கிளார்க் நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி விளக்கினார்.

"கப்பல் ஓட்டுறவன் ஒரு இன்சூரன்ஸ் சர்ட்டிபிகேட் வச்சிருக்கணும். கப்பல் ஒடஞ்சி எங்கனா கெடந்தா, அத்த எடுக்குற செலவு இன்சூரன்ஸ்காரன் குடுக்கணும். இந்த பார்ஜுக்கு சர்ட்டிபிகேட் இருக்குது. நான் விசாரிச்சிட்டேன்."

"அப்ப எடுத்துருவாங்களா சார்?" என்று மச்சான் கேட்டான்.

"சர்வேயர் வருவாரு. கப்பல் போற வழிக்கோ மீன் புடிக்கிறவங்களுக்கோ எடஞ்சல்னு எழுதணும். எழுதிட்டா எடுத்துருவாங்க. நீங்க வாயத் தொறந்து சொல்லுங்க, அவ்ளோதான்."

பஸ்சில் திரும்பும்போது மச்சான் சிரித்துக்கொண்டே வந்தான். "வாயத் தொறக்கணுமாம். உன்ன இட்டுனு போவக் கூடாது மாமா, காரியம் கெட்டுரும்" என்றான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அது ஊருக்கே தெரியும்.

சர்வேயர் வந்தார். வெள்ளைத் தொப்பி போட்டு, பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி பார்ஜைச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஈர மணலில் நின்றபடியே, எங்கள் ஊர்த் தலைவரான நாட்டாரைக் கேட்டார்.

"இது வந்ததுக்கப்புறம் மீன்பிடிப்பு எப்படிங்க? ஏதாவது நஷ்டம் இருக்கா?"

நாட்டார் கடலைப் பார்த்துக் கும்பிட்டார். "அம்மா குடுக்குறா சார். கொறை ஒண்ணுமில்ல."

நாங்கள் அத்தனை பேரும் தலையாட்டினோம். எங்கள் ஊரில் மணலில் கால் வைத்துவிட்டால் யாரும் நஷ்டம் பேசுவதில்லை. கூடை காலியாக வந்தாலும் கேட்டவனிடம் குறையில்லை என்றுதான் சொல்வோம். கடலம்மா காதில் விழும்படி குறை சொன்னால் இருப்பதையும் எடுத்துக்கொள்வாள் என்று நினைப்பு. அழுவதும் திட்டுவதும் ரோட்டுக்கு ஏறிய பிறகுதான். சர்வேயர் எழுதிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த முறை ஆபீசுக்குப் போனபோது கிளார்க் தலையில் கை வைத்துக்கொண்டார். "எடஞ்சல் இல்லன்னு நீங்களே சொன்னதா ரிப்போர்ட் வந்திருக்குதே. இன்சூரன்ஸ்காரன் எதுக்கு எடுப்பான்? இன்னாபா நீங்க." நாட்டார் விஷயத்தைச் சொன்னார். தான் எழுதினால் எடுபடாது, சர்வேயர் எழுத்துதான் செல்லும் என்றார் கிளார்க். பிறகு, கெஞ்சிக் கேட்டு இன்னொரு தடவை வரச் சொல்கிறேன் என்றார்.

இந்தத் தடவை ஏற்பாடாக இருந்தோம். சர்வேயரை ரோட்டோர டீக்கடைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று பேசிவைத்தோம். கிழிந்த வலையைக்கூட அங்கே கொண்டுபோய்ப் போட்டிருந்தோம்.

அவர் கார் நேராக மணல்வரை வந்து நின்றது.

"சார், மொதல்ல ஒரு டீ சாப்புட்டு வந்துரலாம் சார்" என்றார் நாட்டார்.

"வேணாங்க."

"ரெண்டு நிமிஷம் சார். பேசணும்."

"பேசுறதை இங்கயே பேசுங்க. நான் யார்கிட்டயும் டீகூட வாங்கிக் குடிக்கறதில்ல" என்றார் அவர். முகம் இறுகிவிட்டது. நாங்கள் எதையோ கொடுத்து எழுதி வாங்கப் பார்க்கிறோம் என்று நினைத்துவிட்டார். மச்சான் அவசரமாக, "அது இல்ல சார், கடைல வலை..." என்று தொடங்கினான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நேராச் சொல்லுங்க. இந்த பார்ஜால உங்களுக்கு நஷ்டமா, இல்லையா?"

அலை வந்து எங்கள் கால்களை நனைத்துவிட்டுப் போனது. நாட்டார் குனிந்துகொண்டார். மச்சான் என்னைப் பார்த்தான். அவர் பேனாவை மூடப்போகிறார் என்று தெரிந்ததும் நான் ஓரடி முன்னால் போனேன்.

"வலை கிழியுது சார்" என்றேன். "போட முடியல சார். எங்களுக்கு வேற எடம் இல்ல."

என் பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள். சர்வேயர் நாட்டாரைப் பார்த்தார். "இவர் சொல்றது சரியா?"

நாட்டார் கடலை ஒரு தடவை பார்த்தார். "அவன் வலை பழைய வலை சார்" என்றார். "அம்மா மேல ஒரு கொறையும் இல்ல."

கார் போன பிறகு நாட்டார் என்னிடம் வந்தார். கோபம் இல்லை. "அவரு ரோட்டுக்கு மேல வந்திருந்தா நானே சொல்லியிருப்பேன்டா. இங்க நின்னு எப்பிட்றா சொல்லுவேன்?"

"அவரு வரலியே" என்றேன்.

"ஆமா. வரல."

இரண்டாவது ரிப்போர்ட்டும் முதல் ரிப்போர்ட் மாதிரியே போனது. ஒருவர் சொன்னதாகவும் ஊர்த்தலைவர் மறுத்ததாகவும் அதில் இருப்பதாகக் கிளார்க் சொன்னார். சர்ட்டிபிகேட் சரியாகத்தான் இருக்கிறதாம். இப்போது தெற்கூர்க்காரர்கள் தங்கள் வலையை இழுத்து முடித்த பிறகு எங்களுக்கு இடம் விடுகிறார்கள். வெயில் ஏறி, மீன் ஆழத்துக்குப் போன நேரம் அது. நானும் மச்சானும் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் மீனைக் கூடையில் அள்ளி முடிக்கும்வரை நிற்கிறோம்.